பல அலைகளைப் பிடிக்கும் வானொலிப் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானொலி நமது கிராமங்களுக்குப் புதியதன்று. பஞ்சாயத்துக் கட்டடத்தின் மேல் ஒலிபெருக்கியைப் பொருத்தி, அந்திவேளையில் ஊரார் ஒன்றுகூடி அமர்ந்து செய்தி கேட்ட காலத்தை இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள். 1956-ம் ஆண்டில் பம்பாய் ராஜ்யத்தின் கிராமங்களில், பூனாவை மையமாகக் கொண்டு, யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியுடன் கிராம வானொலி மன்றங்கள் பரீட்சார்த்தமாக நடத்தப்பட்டன. 1959-ல் அத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகம் திருச்சி வானொலி நிலையத்தின் வாயிலாகத் தஞ்சை மாவட்டத்தில் அறிமுகமாயிற்று. விவசாயிகள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

இன்று நான் பேச வந்த விஷயம் சற்று வேறானது. நமக்கென்று ஒலிபரப்புவதைக் கேட்பது ஒன்று; எங்கிருந்தோ வரும் அலைகளைத் தேடிப் பிடித்துக் கேட்பதையே ஒரு பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் கொள்வது மற்றொன்று. இப்பொழுதுபோக்கை வீண்வேலை என்று கருதிவிடலாகாது. நமது நாட்டில் ஒலிபரப்புக் கலைக்கு வித்திட்டவர்களுள் இத்தகைய ஆர்வலர்களும் உண்டு. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ம் ஆண்டில் அமைந்த சென்னை ராஜதானி ரேடியோ கிளப் அவ்வாண்டிலேயே ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் அது நின்றது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-ல் முறையான ஒலிபரப்பைத் தொடங்கிற்று. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்தான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

இப்பொழுது உங்கள் முன் வரக்கூடிய ஒரு வேண்டுகோளை எண்ணிப் பாருங்கள். ஊர் வாசகசாலையைச் சேர்ந்த இளைஞர்களும் பள்ளி ஆசிரியரும் வந்து, 'வானொலிக் கழகம் ஒன்று அமைக்கிறோம். பத்து கிலோ ஹெர்ட்ஸ் முதல் மூவாயிரம் மெகா ஹெர்ட்ஸ் வரையில் எல்லா அலைகளையும் பிடிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை வாங்கித் தர வேண்டும்' என்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒரு நல்ல மோட்டார் பம்புசெட்டின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுக்கவும் மனம் வராது. பொதுப்பணத்தை அள்ளிக் கொடுக்கவும் மனம் வராது. அந்த நிலையில் எதைக் கேட்டு, எதைச் சோதித்து முடிவு செய்வது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் இப்பெட்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ரேடியோ மத்திய அலையையும் பண்பலையையும் பிடிக்கும். சில பெட்டிகள் சிற்றலையையும் பிடிக்கும். 'கம்யூனிகேஷன்ஸ் ரிசீவர்' என்பது அதனினும் நுட்பமானது. கப்பல், தந்தி, அமெச்சூர் வானொலி ஆகியவற்றின் பலவகைச் சைகைகளையும் பிரித்துக் கேட்பதற்கென அமைந்தது. 1970-களில் ஜப்பானின் யேசு கம்பெனி வெளியிட்ட எஃப்.ஆர்.ஜி.7 என்னும் பெட்டி 30 மெகா ஹெர்ட்ஸ் வரையில் மட்டுமே பிடித்தது. எனினும் உலகெங்கும் பொழுதுபோக்காளர் அதைப் போற்றினர். 1980-களில் அதே கம்பெனியின் எஃப்.ஆர்.ஜி.9600 வந்தது. அது 60 முதல் 905 மெகா ஹெர்ட்ஸ் வரை எட்டிற்று. 1990-களின் பிற்பகுதியில் ஐகாம் கம்பெனியின் ஆர்8500 என்னும் பெட்டி 100 கிலோ ஹெர்ட்ஸ் தொடங்கி 2,000 மெகா ஹெர்ட்ஸ் வரை ஒரே பெட்டியில் அடக்கியது. அதன் வழித்தோன்றலான ஆர்8600-இன் எல்லை 10 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 3,000 மெகா ஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் அதன் விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல்.

இந்த எண்களைக் கேட்டவுடன் மலைத்துவிட வேண்டாம். பட்டாவில் நூறு ஏக்கர் இருக்கலாம். வாய்க்கால் தண்ணீர் பத்து ஏக்கருக்குத்தான் பாயும் என்றால், அந்த நிலத்தின் மதிப்பை நீங்கள் எவ்வாறு கணக்கிடுவீர்கள்? ரிசீவரின் அலைவரிசை எல்லையும் அத்தகையதே. ஆயிரம் மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அலைகளில் பெரும்பாலானவை கைப்பேசி, ரேடார், செயற்கைக்கோள் முதலியவற்றின் எண்முறைச் சைகைகளாகும். காதால் கேட்டால் அவை வெறும் இரைச்சல். பெட்டி அவற்றைப் பிடிக்கிறது என்பது உண்மை. அதனால் கேட்பவருக்குப் பயன் ஏதும் இல்லை என்பதும் உண்மை.

சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்சு பெற வேண்டியிருந்த காலம் 1980-களோடு முடிந்தது. ஆனால் அது ஒலிபரப்பைக் கேட்பதற்கான சலுகையே தவிர, வானில் செல்லும் எல்லாவற்றையும் கேட்பதற்கான அனுமதி அன்று. காவல்துறையினர், ராணுவத்தினர் ஆகியோர் தமக்குள் பேசிக்கொள்வதை இடைமறித்துக் கேட்பதும் வெளியே சொல்வதும் குற்றமாகும். 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் காலத்திலிருந்தே இக்கட்டுப்பாடு உண்டு; 2023-ல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் அதைக் கைவிடவில்லை. பிற நாடுகளிலும் இதுபோன்ற கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1994-ம் ஆண்டு முதல், பொதுமக்களுக்கு விற்கும் இவ்வகைப் பெட்டிகளில் அக்காலத்துக் கைப்பேசி அலைகள் வரும் பகுதியை அடைத்தே விற்க வேண்டும் என்று விதி செய்தார்கள். ஆகவே பஞ்சாயத்தின் பெயரால் வாங்கும் பெட்டி எதற்காக என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுதல் நலம்: ஒலிபரப்பு நிலையங்கள், அமெச்சூர் வானொலி, விண்வெளியிலிருந்து பொதுமக்களுக்கென அனுப்பப்படும் சைகைகள் ஆகியவற்றைக் கேட்பதற்கு என்று. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாயின் சுங்க விதிகளையும் வயர்லெஸ் கருவிகளுக்கான விதிகளையும் முன்கூட்டியே விசாரித்தல் அவசியம்.

அவ்வாறானால் கேட்பதற்கு என்னதான் மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். மிஞ்சுவது கொஞ்சமன்று. சூரியன் சாய்ந்தபின் மத்திய அலையைத் திருப்பிப் பாருங்கள். பகலில் ஐம்பது அறுபது மைல் எல்லைக்குள் அடங்கிய நிலையங்கள் போக, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உள்ளவையும் வந்து சேரும். வானத்தின் மேலடுக்குகளில் மின்னேற்றம் பெற்ற மண்டலம் ஒன்று இருக்கிறது. பகலில் அதன் கீழ்ப்பகுதி மத்திய அலைகளை விழுங்கிவிடும். இரவில் அப்பகுதி மறைந்துவிடுவதால், மேற்பகுதி அவ்வலைகளைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புகிறது. சிற்றலையிலும் இவ்வாறே காலத்திற்கேற்ற இடம் உண்டு. பகலில் 15, 17, 21 மெகா ஹெர்ட்ஸ் வட்டாரங்களும், இரவில் 5, 6, 7 மெகா ஹெர்ட்ஸ் வட்டாரங்களும் பொதுவாக நன்றாக இருக்கும். 9 மெகா ஹெர்ட்ஸ் வட்டாரம் பெரும்பாலான வேளைகளில் உயிரோடு இருக்கும். சூரியனில் தோன்றும் புள்ளிகள் ஏறத்தாழ பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதால், உயர்ந்த சிற்றலைகளின் பலமும் அதனோடு ஏறி இறங்கும். எந்தக் கருவியாலும் இதை மாற்ற இயலாது. மழையில்லாத ஆண்டில் உயர்ந்த விதையைத் தெளித்துப் பயன் என்ன?

சிற்றலையில் முன்னிருந்த நிலையங்கள் பல இன்று இல்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1941-ல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரல் மாத முடிவோடு வானொலியில் நின்றுவிட்டது. அதற்கு வாரந்தோறும் கடிதம் எழுதிய நேயர்கள் நமது ஊர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் ஆசிய நாடுகளின் நிலையங்களும், உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்களும் இன்றும் சிற்றலையில் உலவுகின்றனர்.

சிற்றலைக்கு மேலே சென்றால், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமகிழ்ச்சி தரக்கூடியது ஒன்று உண்டு. பூமியிலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் வானொலிக் கருவி இருக்கிறது. விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவர்களோடு பேசும் நேரங்களில் அதன் குரல் 145.800 மெகா ஹெர்ட்ஸில் வரும். நிலையம் நமது ஊருக்கு மேலே கடந்து செல்லும் பத்து நிமிடங்களுக்கு மட்டுமே கேட்கும். இதற்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்து எவ்வாறு தரம் பார்ப்பது என்பதற்கு வருவோம். விற்பவர் முதலில் சொல்வது நுண்ணுணர்வைப் பற்றி. மிக மெல்லிய அலையையும் பிடிக்கும் என்பார். 30 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே இப்பேச்சுக்கு அதிக மதிப்பில்லை. ஏனெனில் அங்கே எல்லையை வகுப்பது பெட்டியன்று. வெளியிலிருந்து ஏரியல் வழியாக வரும் இரைச்சலே. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நிலையம் ஏதுமில்லாத ஓரிடத்தில் பெட்டியை நிறுத்தி, ஏரியல் கம்பியைக் கழற்றுங்கள். சத்தம் குறைகிறதா? மீண்டும் மாட்டுங்கள். சத்தம் தெளிவாக உயர்கிறதா? உயர்ந்தால் அந்தப் பெட்டியின் நுண்ணுணர்வு உங்கள் ஊருக்குப் போதும். அதற்கு மேலும் நுண்ணுணர்வுக்காகப் பணம் கொடுப்பது, மெல்லிய நிலையத்தைக் கேட்க உதவாமல், இரைச்சலை இன்னும் பெரிதாகக் கேட்கவே உதவும்.

மெய்யான வேறுபாடு தேர்ந்தெடுக்கும் திறனில் இருக்கிறது. நமது பகுதியில் மத்திய அலையில் நிலையத்திற்கு நிலையம் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியும், சிற்றலையில் 5 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். பக்கத்து நிலையத்தின் பேச்சு நமது நிலையத்திற்குள் பாயாமல் தடுப்பது பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி. மடையின் அகலத்தைப் போலத்தான் இதுவும். அகலமாகத் திறந்தால் இசை இனிமையாக இருக்கும். பக்கத்து வயலின் தண்ணீரும் சேர்ந்து வரும். குறுக்கினால் தெளிவு மிகும், குரல் மங்கும். அமெச்சூர்க்காரர்களின் எஸ்.எஸ்.பி. பேச்சுக்குச் சுமார் இரண்டரை கிலோ ஹெர்ட்ஸ் அகலம் போதும். மோர்ஸ் தந்திக்கு அரை கிலோ ஹெர்ட்ஸே போதும். நல்ல ரிசீவரில் இவ்வகலங்களை நாமே மாற்றிக்கொள்ளலாம். எத்தனை அகலங்கள் உண்டு என்று கேட்டால் விற்பவரின் முகமே விடை சொல்லிவிடும்.

அகன்ற எல்லை உடைய பெட்டிகளின் குறைபாடு பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படுகிறது. இதற்கு ஓர் உதாரணம் மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவின் நோவா 15, 18, 19 என்னும் வானிலைச் செயற்கைக்கோள்கள் 137 மெகா ஹெர்ட்ஸில் மேகங்களின் படத்தை நேரடியாக அனுப்பிவந்தன. உலகெங்கும் பொழுதுபோக்காளர் அவற்றைத் தம் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே பிடித்தார்கள். அச்சைகைக்கு ஏறத்தாழ 40 கிலோ ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எல்லா அலைகளையும் பிடிப்பதாகப் பெயர் பெற்ற கைப்பெட்டிகள் பலவற்றில் இருந்த அகலங்களோ இரண்டே: ஒன்று பேச்சுக்கான 15 கிலோ ஹெர்ட்ஸ் அளவுடையது, மற்றொன்று பண்பலை ஒலிபரப்புக்கான மிகப் பெரியது. ஒன்றில் படம் நறுங்கியது. மற்றொன்றில் இரைச்சல் புகுந்தது. எல்லைக்குள் 137 இருந்தும் பயன்படவில்லை. அந்த மூன்று செயற்கைக்கோள்களும் 2025-ம் ஆண்டில் ஓய்வு பெற்றன. 2023, 2024-ம் ஆண்டுகளில் ரஷ்யா ஏவிய மீட்டியோர் வரிசைச் செயற்கைக்கோள்கள் அதே வட்டாரத்தில் எண்முறையில் படங்களை அனுப்பத் தொடங்கின. அவற்றின் படத்தை ஒலிபெருக்கியும் பேச்சு வடிகட்டியும் கொண்ட பழைய வகைப் பெட்டி எடுக்காது. கணிப்பொறியோடு இணையும் கருவி வேண்டும்.

மூன்றாவது குணம், பலத்த அலையைத் தாங்கும் சக்தி. கோவில் திருவிழாவில் மேளம் பக்கத்தில் முழங்கும்போது, பத்தடி தள்ளி நிற்பவர் சொல்வது காதில் விழாது. காது கெட்டுவிடவில்லை, மேளம் அதை நிரப்பிவிட்டது. அருகில் பலமான பண்பலை நிலையமோ மத்திய அலைக் கோபுரமோ இருந்தால், எல்லா அலைகளுக்கும் வாயிலைத் திறந்து வைத்திருக்கும் பெட்டி இவ்வாறே திணறும். அப்பொழுது இல்லாத இடத்தில் இல்லாத நிலையம் கேட்கும். பேய் நிலையம் என்று வேண்டுமானால் சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க அட்டென்யுவேட்டர் என்னும் தணிப்புப் பொத்தான் உதவும். அதை அழுத்தினால் மெய்யான நிலையம் அந்த அளவுக்கே குறையும். பேய் நிலையம் பன்மடங்கு குறைந்து மறைந்தே போகும். மலிவான பழைய சிற்றலைப் பெட்டிகளில் இன்னொரு பேயும் உண்டு. பலத்த நிலையம் ஒன்று தன் உண்மையான இடத்திற்கு 910 கிலோ ஹெர்ட்ஸ் கீழே மீண்டும் தோன்றும். கடையிலேயே திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இப்பொழுது மலிவான புதிய வகைக்கு வருகிறேன். தொலைக்காட்சி பார்ப்பதற்கென, கணிப்பொறியில் செருகும் கட்டைவிரல் அளவுள்ள கருவி ஒன்றைச் செய்தார்கள். அதிலுள்ள ரியல்டெக் கம்பெனியின் சில்லு, அலைகளை அப்படியே எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குத் தரவல்லது என்பதை 2012-ம் ஆண்டில் ஆர்வலர்கள் வெளிப்படுத்தினர். அன்று முதல் அது 'ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர்.' என்னும் பெயரில் உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகா ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். முப்பது, நாற்பது டாலர் விலையில் கிடைத்தது. வடிகட்டியின் அகலத்தைக் கணிப்பொறியில் விரும்பியவாறு வைத்துக்கொள்ளலாம். இரண்டு மெகா ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பரப்பைத் திரையில் ஒரே பார்வையில் காணலாம். விண்வெளி நிலையத்தின் குரலுக்கும் மேகப் படத்துக்கும் இதுவே போதும். 54 சென்டிமீட்டர் அளவுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை விரித்த கவைபோல அமைத்தால் 137 மெகா ஹெர்ட்ஸ் ஏரியல் ஆயிற்று. ஊர்க் கொல்லரே செய்து தருவார்.

அக்கருவியின் குறை என்ன? அது அலையின் உயரத்தை 256 படிகளில்தான் அளக்கிறது. பதினான்கு பிட் உடைய எஸ்.டி.ஆர்.பிளே போன்ற கருவிகள் 16,384 படிகளில் அளக்கின்றன. களத்தில் மரக்காலை மட்டும் வைத்துக்கொண்டு ஆழாக்கு நெல்லை அளக்க முடியாது அல்லவா? பலத்த அலையும் மெல்லிய அலையும் ஒருங்கே வரும் சிற்றலையில் இக்குறை நன்றாகத் தெரியும். ஏர்ஸ்பை கம்பெனியின் எச்.எஃப். பிளஸ் டிஸ்கவரி என்னும் சிறு கருவியின் எல்லையோ 31 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும், பின்னர் 60 முதல் 260 மெகா ஹெர்ட்ஸ் வரையிலும் மட்டுமே. எல்லையைச் சுருக்கிக்கொண்டு, பலத்த அலையைத் தாங்குவதில் கவனம் செலுத்தியிருக்கிறார்கள். சிற்றலை கேட்பவருக்கு, எண்களால் பெரிதாகத் தோன்றும் பல கருவிகளைக் காட்டிலும் இது மேலானது என்பது என் அபிப்பிராயம். ஆர்8600 போன்ற பெரிய பெட்டி எல்லாக் குணங்களிலும் சிறந்ததே, அதை மறுக்கவில்லை. அதன் சிறப்பு முழுவதும் வெளிப்பட, நல்ல ஏரியலும் பழகிய காதும் வேண்டும். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் அது அலமாரிக்கு அழகு.

நமது கிராமங்களுக்கு நகரத்தில் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. அதுதான் வானொலி அமைதி. சென்னையின் அடுக்குமாடி வீட்டில் எல்.இ.டி. விளக்குகள், சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள் யாவும் சிற்றலை மீது இரைச்சலைக் கொட்டுகின்றன. இலட்ச ரூபாய்ப் பெட்டியும் அங்கே அந்த இரைச்சலைத்தான் வாசிக்கும். ஊர்ப்புறத்தில், மின்கம்பத்தை விட்டு விலகிய தோப்பில் இருபது மீட்டர் செம்புக் கம்பியைக் கட்டி, அதில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்ச் சிற்றலைப் பெட்டியை இணைத்தால், நகரத்துப் பெரிய பெட்டியைத் தோற்கடிக்கலாம். ஆனால் இந்த அமைதி தானாக நிலைக்காது. சோலார் பம்புசெட்டின் மின்மாற்றிக் கருவி, மாடு புகாமல் தடுக்கும் மின்வேலி ஆகியவை அலையைக் கெடுப்பன. வினாடிக்கொரு தரம் 'டிக்' 'டிக்' என்று ஒலித்தால், வேலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் நின்ற வேளையில் பாட்டரியில் கேட்டுப் பாருங்கள். அப்பொழுது கேட்பதும் மின்சாரம் வந்தபின் கேட்பதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால், குற்றவாளி வீட்டுக்குள்ளா வெளியிலா என்பது விளங்கிவிடும். மின்வெட்டை வாழ்த்துவோர் உலகில் உண்டென்றால் அவர்கள் எங்களைப் போன்ற சிற்றலைப் பித்தர்கள்தாம்.

ஒப்பிடுவதற்கான முறையைச் சொல்கிறேன். ஒரு பெட்டியை இன்று கேட்டு, மற்றொன்றை நாளை கேட்டு எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பது தவறு. சிற்றலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவது. ஒரே ஏரியலை இரண்டு பெட்டிக்கும் மாற்றி மாற்றி இணைக்கும் சுவிட்சு ஒன்று வேண்டும். ஒரே நிலையம், ஒரே வேளை, ஒரே காதுக்கருவி, ஒரே அளவுச் சத்தம். இரண்டு பெட்டியிலும் வடிகட்டியின் அகலம் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் அகலமான பெட்டி இனிமையாக ஒலித்து நம்மை ஏமாற்றிவிடும். பலத்த நிலையத்தைக் கேட்டு முடிவு செய்யவே கூடாது. பலத்த நிலையம் எல்லாப் பெட்டியிலும் நன்றாகத்தான் கேட்கும். பலத்த நிலையத்தின் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் மெல்லிய நிலையத்தைத் தேடுங்கள். அதன் பெயரை எந்தப் பெட்டியில் தெளிவாகக் கேட்டு எழுத முடிந்ததோ, அதற்கே பரிசு. இதை மூன்று மாலைகளாவது, மூன்று பேராவது, பெட்டியின் பெயர் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுச் செய்தல் வேண்டும். விலை தெரிந்த காது நேர்மையாகக் கேட்பதில்லை.

கேட்டதை நோட்டுப்புத்தகத்தில் குறிக்க வேண்டும்: தேதி, நேரம், அலைவரிசை, மொழி, கேட்ட விஷயம். உலக நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நமது நேரம். கேட்ட தரத்தைக் குறிக்க 'சின்போ' என்னும் ஐந்து இலக்க முறை வழக்கில் உள்ளது. அலையின் பலம், பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இவ்விவரங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினால் பல நிலையங்கள் அத்தாட்சி அட்டை அனுப்புவது நெடுநாளைய மரபு. பூகோளத்தையும் ஆங்கிலத்தையும் பிள்ளைகள் இதைவிட எளிதாகக் கற்கும் வழி எனக்குத் தெரியவில்லை. இதனின்றும் மேலே சென்று, தாமே பேசவும் விரும்பும் மாணவர்கள், பன்னிரண்டு வயது நிரம்பியபின் மத்திய அரசின் தேர்வெழுதி அமெச்சூர் லைசென்சு பெறலாம்.

வாங்குவதற்கு முன் காசு செலவில்லாமல் பழகிப் பார்க்கவும் இன்று வசதி இருக்கிறது. நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் 2008-ல் தொடங்கிய ரிசீவர் ஒன்றை, இணைய வசதி உள்ள எவரும் தொலைவிலிருந்தே திருப்பிக் கேட்கலாம். அதன்பின் உலகெங்கும் இதுபோன்றவை பெருகின. வானொலிக் கழகம் கேட்கும் பிள்ளைகளை முதலில் ஒரு மாதம் அதில் பழகச் சொல்லுங்கள். மாதமுடிவில் நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுபவர்களுக்குப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம்.

எதை வாங்குவது? பஞ்சாயத்துக்கு நான் சொல்வது இது. மத்திய அலை, பண்பலை, சிற்றலை மூன்றும் பிடிப்பதும், எஸ்.எஸ்.பி. கேட்கக்கூடியதும், பாட்டரியில் ஓடுவதுமான கைப்பெட்டி ஒன்று. பள்ளிக் கணிப்பொறியில் செருக ஆர்.டி.எல். கருவி ஒன்று. மிஞ்சும் பணத்தைக் கம்பிக்கும் கம்பத்துக்கும் செலவிடுங்கள். இவையனைத்தும் பெரிய பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டமாட்டா. இரண்டாண்டு கழித்து, அப்பிள்ளைகள் தம் கருவியின் எல்லை இன்னதென்று தாமே கண்டு, இன்ன குறையால் இன்ன நிலையத்தை இழக்கிறோம் என்று எழுதிக் காட்டுவார்களானால், அப்பொழுது பெரிய பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

பாட்டரி என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரமும் இல்லை, கைப்பேசியும் இல்லை. அந்நிலையில் கணிப்பொறியோடு இணைந்த கருவியும், மின்சாரத்தை நம்பிய மேசைப்பெட்டியும் பயன்படா. நான்கு பாட்டரிக் கட்டைகளில் ஓடும் கைப்பெட்டி வானொலி நிலையத்தின் எச்சரிக்கையைக் கேட்டுச் சொல்லும். அதற்கான புதிய பாட்டரிக் கட்டைகளை உறையோடு தனியே எடுத்துவைத்து, ஐப்பசி பிறக்குமுன் தேதி பார்த்து மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெட்டியைப் பயன்படுத்தாத நாட்களில் கட்டைகளை உள்ளே விட்டுவைத்தால் கசிந்து பெட்டியை அரித்துவிடும்.

கடைசியாக, ஏரியல் கட்டுவதில் ஓர் எச்சரிக்கை. கம்பியை மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஒருபோதும் கொண்டுசெல்லக் கூடாது. அறுந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். எறிந்து மாட்டுகிறோம் என்று பிள்ளைகள் கம்பியை வீசும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். தென்னைக்கும் வேம்புக்கும் இடையே கட்டினால், மரம் காற்றில் ஆடுவதற்கு இடம்விட்டுத் தளர்த்தியே கட்டுங்கள். இரு முனையிலும் நைலான் கயிறும் பீங்கான் கட்டையும் இருக்கட்டும். இடி தூரத்தில் கேட்டவுடனேயே ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி, சன்னலுக்கு வெளியே நிலத்தில் அடித்த இரும்புக் குழாயோடு இணைத்துவிட வேண்டும். மின்னல் தலைக்கு மேல் வந்தபின் கம்பியைத் தொடக்கூடாது. இக்கம்பியைப் புரட்டாசிக்குள் கட்டி முடித்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரு மாதம் கேட்டுப் பழகலாம். சித்திரை, வைகாசி மாலை இடிகளின்போது கழற்றும் பழக்கமும் அதற்குள் கைவந்துவிடும்.